கண்டல் (அலையாத்தி) நாற்று நடுவதா, தண்ணீருக்கு வழி விடுவதா? காய்ந்து கிடக்கும் ஒரு சேற்றுவெளி பற்றி

#1 மட்டக்கோல்

எல்லோருக்கும் வணக்கம். கழிமுகத்தை ஒட்டி 40 ஏக்கர் போல ஒரு சேற்றுவெளி. நடுவில் ஒன்றுமே இல்லை. கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஓரங்களில் உமரி என்கிற உப்புச்செடி படர்ந்திருக்கிறது. ஓடைக்கரையில் மட்டும் வெண்கண்டல் ஒரு வரிசை செழிப்பாக நிற்கிறது. இந்த நடுப்பகுதியில் சுரபுன்னை என்கிற இன்னொரு கண்டல் வகையில் ஒரு லட்சம் நாற்று நட ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி வந்திருக்கிறது. அந்த நிதியைச் செலவழிக்கும் தொண்டு அமைப்புக்கு நான் தொழில்நுட்ப ஆலோசகர். படித்தது சுற்றுச்சூழல் பொறியியல், இத்தனை நாள் பார்த்த வேலை கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. கண்டல் காடு எனக்குப் புதுசு.

"சாத்தியம்" என்று நான் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும். எனக்கு வந்த படிவத்தில் நாற்று எண்ணிக்கை, கலந்துகொண்ட தன்னார்வலர்கள், புகைப்படங்கள் என்று கட்டங்கள் இருக்கின்றன. தரைமட்டம், நீர்மட்டம், உப்பின் அளவு எதற்கும் கட்டம் இல்லை. கேட்டால், "பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வளர்ந்திருக்கிறதே, இங்கே வளராதா?" என்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் எதையெல்லாம் அளக்க வேண்டும்? பெரிய கருவிகள் கைவசம் இல்லை.

#2 கணக்கன்

மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதற்குக் கட்டம் இருக்கிறதா?

#3 மட்டக்கோல்

ஆறு மாதம் வரைக்கும் இருக்கிறது.

#4 கணக்கன்

அப்போ சரி. நாற்றிலேயே இருக்கிற சேமிப்பில் ஆறு மாதம் ஓடிவிடும், படமும் பச்சையாக வரும்.

#5 உமரிக்காடு

கணக்கன் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். சுரபுன்னையின் நீளமான முளை தாய்மரத்திலேயே முளைவிட்டு, உணவையும் கூடவே கொண்டு வருகிறது. மோசமான இடத்தில் ஊன்றினாலும் சில மாதங்கள் இரண்டு மூன்று ஜோடி இலை விட்டு நிற்கும். அதை வைத்து வெற்றி என்று எழுதிவிடுவார்கள்.

மட்டக்கோல் சார், அளவெடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏன் தானாக எதுவும் முளைக்கவில்லை? ஓடைக்கரையில் வெண்கண்டல் நிற்கிறது, அது காய்த்துத் தள்ளும். மழைக்காலத்து ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) அந்தக் காய்கள் உங்கள் சேற்றுவெளிக்குள் மிதந்து வந்திருக்கும். வருடாவருடம் இலவசமாக வந்து விழுகிற விதையே பிழைக்காத இடத்தில் நாம் கையால் ஊன்றுவது மட்டும் எப்படிப் பிழைக்கும்? அதுவும் சுரபுன்னை. பிச்சாவரத்தில் சுரபுன்னை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓடைக்கரையோரம் ஒரு குறுகிய பட்டை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் உள்பக்கம் முழுக்க வெண்கண்டல். முத்துப்பேட்டையில் பெரும்பகுதியே வெண்கண்டல்தான். உப்பைத் தாங்குவதில் வெண்கண்டலுக்குப் பக்கத்தில்கூட சுரபுன்னை வராது. படத்தில் அழகாக இருக்கும், நடவும் எளிது, அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

பிச்சாவரத்தை உதாரணம் காட்டுகிறார்கள் என்றால் முழுக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை அங்கே கூப்பு முறையில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு விட்டார்கள். திரும்ப வளர்ந்துவிடும் என்று கணக்கு. வளரவில்லை. மரம் போனதும் வெயில் நேரே மண்ணில் பட்டது. ஈரம் வற்றி மண் சுருங்கித் தாழ்ந்தது. வெட்டிய இடங்களின் நடுப்பகுதி தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வருகிற கடல்நீர், கடல் இறங்கும் வற்றத்தில் வெளியே போக வழியில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போகும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே வருடக்கணக்கில்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அங்கே செய்த முதல் வேலை வாய்க்கால் வெட்டியது. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு கழுவிக்கொண்டு போனது. அப்புறம்தான் வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில் வெண்கண்டலை ஊன்றினார்கள். உங்களிடம் வந்த திட்டத்தில் இரண்டாம் பாதி மட்டும் இருக்கிறது.

#6 நட்டவன்

நடவு என்றாலே தோல்வி என்று பேசுவது இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் கடற்கரையில் நடவு வேலைதான் பார்க்கிறேன். சில இடத்தில் காடு வந்திருக்கிறது, சில இடத்தில் வரவில்லை. வராத இடத்தில் பாதிக்கு மேல் காரணம் மாடு, ஆடு, பாசி, பிளாஸ்டிக், முக்கியமாக நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதது. தண்ணீர் மட்டம் மட்டுமே எல்லாம் என்பது பாடப்புத்தகப் பேச்சு.

இன்னொன்று, நடவு இருந்தால்தான் நிதி வரும். "ஒரு வருடம் குச்சி நட்டு நீர்மட்டம் பார்க்கப் போகிறோம்" என்று எந்த நிறுவனத்திடமாவது பணம் கேட்டுப் பாருங்களேன். ஊர்ப் பெண்களுக்கு நாற்றங்கால் வேலை, நடவுக் கூலி, அதனால் காட்டின் மேல் ஒரு பிடிப்பு, இதெல்லாம் நடவால் வருவது. அதையும் கணக்கில் வையுங்கள்.

#7 உமரிக்காடு

பராமரிப்பு பற்றி நட்டவன் சொல்வதை மறுக்கவில்லை. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நடந்த நடவுகளை ஒரு குழு திரும்பப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டது. மொத்தம் 23 இடங்கள், 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடவு. காடாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேர். ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட இல்லை. நட்ட பிறகு கவனித்துக்கொண்ட இடங்கள் மேலாக இருந்தன என்றும் அதில் வருகிறது, அது உங்கள் கட்சி. இடத்தேர்வே தப்பு, தரைமட்டமும் நீரோட்டமும் ஒத்துவரவில்லை என்றும் வருகிறது, அது என் கட்சி.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் நீளம். இருபது வருடத்துக்கும் மேல் பல பத்தாயிரம் ஹெக்டேர் நட்டார்கள். 2008இல் பிரிமவேரா, எஸ்டெபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது நீண்ட காலப் பிழைப்பு 10 முதல் 20 சதவீதம். காரணம் கிட்டத்தட்ட உங்கள் படிவம்தான். வெண்கண்டல் இனமும் சொன்னரேஷியா என்கிற இன்னொரு கண்டல் இனமும் இயற்கையாக வருகிற முன்கரையில் சுரபுன்னையை நட்டது. கடல்புல் படுகை, எப்போதும் தண்ணீர் நிற்கிற சேற்றுப்படுகை என்று எதையும் விடாமல் நட்டது. கண்டல் வளரத் தோதான மேட்டுச் சேறெல்லாம் அதற்குள் மீன் பண்ணைகளாகிவிட்டன. பண்ணைக்காரரைக் கேட்க யாருக்கும் துணிச்சலில்லை. சொந்தக்காரர் இல்லாத இடமாகப் பார்த்து நட்டார்கள், அங்கே வளராது.

#8 கணக்கன்

"சொந்தக்காரர் இல்லாத இடமாகப் பார்த்து நட்டார்கள்." இதை எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

#9 உள்ளான்

நான் பறவை பார்க்கிறவன். இதைக் கேட்காமல் விட முடியவில்லை: அது எப்போதுமே சேற்றுவெளியாகவே இருந்திருந்தால்? வெறும் சேறு என்றால் வீணாய்க் கிடக்கிற நிலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற உள்ளான்களுக்குச் சாப்பாடே அந்தச் சேற்றில்தான். மரம் வந்தால் அவை இறங்கா.

கண்டல் இல்லாத இடத்தில் கண்டலைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் இருக்கிறது. அங்கே இயற்கையாகக் கண்டலே கிடையாது. மண் அரிப்பைத் தடுக்கலாம் என்று 1902இல் மொலக்காய் தீவில் சிவப்புக் கண்டலைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அதைப் பிடுங்கி எடுப்பதற்குச் செலவு செய்துகொண்டிருக்கிறார்கள், நீர்ப்பறவைகளின் இடம் போனதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று.

பழைய படம் ஏதாவது பார்த்தீர்களா?

#10 மட்டக்கோல்

நல்ல கேள்வி. பழைய படம் எங்கே கிடைக்கும்? கூகுள் எர்த்தில் 2003க்கு முன்னால் எங்கள் பக்கம் தெளிவாக இல்லை.

#11 உள்ளான்

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, இலவசம். ஆரம்பப் படங்கள் கரடுமுரடாக இருக்கும். 40 ஏக்கர் என்றால் சில பத்துப் புள்ளிகள்தான் தெரியும், ஆனால் கறுப்பா வெளுப்பா என்று சொல்லிவிடலாம். அதைவிட நல்லது கொரோனா. வைரஸ் இல்லை. 1960களில் அமெரிக்கா விட்ட உளவுச் செயற்கைக்கோள், 1995இல் படங்களைப் பொதுவில் விட்டார்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனால் தனித்தனி மரக்கூட்டம்கூடத் தெரியும் அளவுக்குத் துல்லியம். அப்புறம் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட், அதாவது நில அளவை வரைபடம்.

#12 வலைக்காரன் மகன்

படமெல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து ஊரில் வலை கட்டுகிற வயசான ஆள் யாரையாவது உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினீர்களா? இந்த இழையில் இதுவரை ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் இதே மாதிரி ஒரு வெளி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் மண்ணில் சத்தில்லை, உப்பு அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் பெரியப்பா ஒரே வார்த்தையில் சொன்னார்: "அந்த வாயை அடைச்சப்புறம்தான் இப்படி ஆச்சு." உப்பளத்துக்காக என்றோ போட்ட மண்கரை. உப்பளம் கைவிட்டுப் பல காலம் ஆகிறது, கரை மட்டும் அப்படியே இருக்கிறது. மேலே சீமைக்கருவேலம் முளைத்து இயற்கையான மேடு மாதிரி ஆகிவிட்டதால் புதிதாக வருகிறவருக்குக் கண்ணில் படாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் வெட்டினால் இறால் அதன் வழியாக உள்ளே போகும், வரும். அந்த வாய்க்கால் வாயில் வலை கட்டுகிற உரிமை யாருக்கு? இப்போது ஓடையில் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் படகும் இல்லை, பெரிய வலையும் இல்லை. அவர்களைக் கேட்காமல் வெட்டினால் முதல் வருடமே தகராறு. எந்த உயிரியல் அறிக்கையிலும் இது வராது.

#13 நட்டவன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஊரோடு பேசாமல் எதுவும் நிற்காது. நடவு அதற்கு ஒரு சாக்கு.

#14 வலைக்காரன் மகன்

சாக்கு சரிதான் அண்ணே. ஆனால் நடவு அன்றைக்குக் கூலிக்கு வந்த ஆளையெல்லாம் "சமூகப் பங்கேற்பு" என்று எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

#15 உமரிக்காடு

வலைக்காரன் மகன் சொன்ன மண்கரை ரொம்ப முக்கியம். மட்டக்கோல் சார், அளவெடுக்கப் போகும்போது முதலில் சுற்றளவு முழுக்க நடந்துவிடுங்கள். கரை, பாதை, சிறுபாலம், தூர்ந்த மதகு, தண்ணீரை மறிக்கிற எதுவாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கருவி. நீங்கள் பொறியாளர், தரைமட்டம் அளக்கிற ஆட்டோ லெவல் எங்கேயாவது கடன் வாங்கிவிடுவீர்கள். கிடைக்காவிட்டாலும் ஓதமே உங்களுக்கு மட்டம் காட்டும். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறி அசையாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், நல்ல காடு இருக்கிற இடத்திலும் உங்கள் வெளியிலும் நட்ட குச்சிகளில் ஆட்கள் ஒரே நேரத்தில் கோடு போட வேண்டும். நீர்ப்பரப்புதான் உங்கள் பொதுமட்டம். அங்கிருந்து கீழே தரை எவ்வளவு என்று அளந்தால் போதும். நீளமான குறுகிய ஓடை என்றால் உள்ளே ஓதம் தாமதமாகவும் குறைவாகவும் வரும், அங்கே இந்த முறை ஏமாற்றும். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குத்தான் சரி.

இரவு ஓதத்தைப் பார்க்க யாரும் சேற்றில் நிற்க வேண்டாம். ஒரு பிவிசி குழாயின் அடியில் துளைகள் போட்டு, உள்ளே ஒரு மரச்சட்டம், கொஞ்சம் தக்கைத் தூள். நீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும், இறங்கும்போது உச்சத்தில் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காலையில் சட்டத்தை உருவிப் பார்த்தால் பழுப்பாக ஒரு வளையம், அதுதான் ராத்திரி வந்த உயரம். படித்துவிட்டுத் துடைத்து மறுபடி செருகவும். வெள்ளம் அளக்கிறவர்களின் பழைய உத்தி, நன்றாக வேலை செய்யும்.

உப்பு: மேலே நிற்கிற தண்ணீரை அளக்காதீர்கள், அது அன்றைய ஓதத்தைத்தான் காட்டும். வேர் இருக்கிற ஆழத்தில், ஓர் அடிக்குக் குழி தோண்டிக் காத்திருங்கள். ஊறி வருகிற நீரை ஊசிக்குழலில் எடுத்து, உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் என்று பார்க்க வேண்டும். கடல்நீர் 35 காட்டும், அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. சாதாரணக் கருவியில் 100தான் உச்சம். கோடே தெரியாமல் பார்வை முழுக்க வெளுத்துப்போனால் அளவு அதற்கும் மேலே என்று அர்த்தம், பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து இரண்டால் பெருக்குங்கள். 90ஐத் தாண்டினால் வெண்கண்டலே திணறும்.

எவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் இருக்கலாம் என்பதற்குக் கண்டல் மீட்பு வல்லுநர் ராபின் லூயிஸ் சொன்ன அளவு ஒன்று உண்டு: மொத்த நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மூழ்கியிருக்கிற இடத்தில் கண்டல் நிற்காது. ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில் வெஸ்ட் லேக் பகுதியில் 500 ஹெக்டேர் அளவிலான மீட்பு வேலை 1980களில் தொடங்கியது. கொட்டிக் கிடந்த மண்ணை அகற்றித் தரையைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். கண்டலை நடவே இல்லை. அந்தப் பகுதியின் மூன்று கண்டல் இனங்களும் தாமே வந்து சேர்ந்தன.

#16 கணக்கன்

மரமே நடாமல் காடு. நம் படிவத்தில் நிரப்பினால் சாதனை: பூஜ்யம்.

#17 பார்வையாளர்_7

கண்டல் காடு சுனாமியையே தடுத்தது, அது ஒன்றே போதுமே. எங்கே முடியுமோ அங்கே நட வேண்டியதுதானே?

#18 உமரிக்காடு

தடுத்தது என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 2005இல் சயன்ஸ் இதழில் கடலூர் மாவட்டக் கடற்கரையை வைத்து ஒரு கட்டுரை வந்தது: மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று. அதே ஆண்டு பரங்கிப்பேட்டைப் பகுதி ஊர்களை வைத்து இன்னொரு ஆய்வும் அப்படியே சொன்னது. 2006இல் வேறு சிலர் இரண்டாவது ஆய்வின் தரவையே திரும்பக் கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கழித்துவிட்டால் மரத்தின் பங்கென்று மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்கள். மரம் இருக்கிற இடத்தில் ஊர் இயல்பாகவே உள்ளே தள்ளி, மேட்டில் இருக்கும் அல்லவா. அன்றாட அலையையும் புயல் அலையையும் அடர்ந்த, அகலமான காடு குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஓரத்தில் இரண்டு வரிசை செடியை நட்டுவிட்டு "சுனாமித் தடுப்பு" என்று பலகை வைப்பது ஊரை ஏமாற்றுவது. அதை நம்பி யாராவது முன்னால் வீடு கட்டிவிட்டால்?

#19 நெறியாளர்

சுனாமி விவாதத்தைத் தொடர விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே மட்டக்கோலின் கேள்வியோடு நிற்போம்.

#20 மட்டக்கோல்

பார்த்ததைச் சொல்கிறேன்.

கொரோனா படத்தில் அந்த இடம் கறுப்பாக, மரத்தோடு இருக்கிறது. உள்ளான் சார், ஆக அது பூர்வீகச் சேற்றுவெளி இல்லை. ஆனால் தென்கிழக்கு மூலை அந்தப் படத்திலும் வெளுப்புதான்.

ஊரில் இரண்டு பெரியவர்களிடமும், ஓடையில் கையால் இறால் தடவும் பெண்களிடமும் பேசினேன். கரை இருக்கிறது. வலைக்காரன் மகன் சொன்னபடியே சீமைக்கருவேலத்துக்கு அடியில். உப்பளத்துக்குப் போட்டதல்ல, வண்டிப்பாதை என்கிறார்கள். நடுவில் ஒரு மதகு இருந்ததாம், தூர்ந்துபோய் இப்போது இருக்கும் இடமே தெரியவில்லை. ஒரு பாட்டி நேராகக் கூட்டிப்போய் இங்கேதான் என்று காட்டினார். கடப்பாரையால் குத்தினால் செங்கல் சத்தம் கேட்கிறது.

நடுப்பகுதி, கண்டல் நிற்கிற கரையைவிட ஒரு சாண் தாழ்வு. தக்கைக் குழாய்களில் பெரிய ஓதத்துக்கு வளையம் விழுகிறது; அட்டமி, நவமி நாட்களில் ஒன்றுமில்லை. அதாவது மாதத்தில் சில நாள் தண்ணீர் கரையைத் தாண்டி உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. நடுவில் குழித்தண்ணீரில் கோடே தெரியவில்லை, பாதி கலந்து பார்த்தால் 60ஐ ஒட்டி, ஆக 120. கண்டல் கரையில் 40 சொச்சம்.

எனக்குப் படுவது இதுதான்: மீன்முள் வாய்க்கால் முழுசாக வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. மதகைத் திறந்து, அதற்கு நேராக ஒரே ஒரு வாய்க்கால். சரியா?

#21 உமரிக்காடு

கிட்டத்தட்ட. மதகின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் நடுப்பகுதியைவிட உயரமாக இருந்தால் திறந்தாலும் தேங்கல் தேங்கல்தான். வாய்க்காலின் அடி சேற்றுவெளியிலிருந்து ஓடையை நோக்கிச் சரிய வேண்டும்; ஓடையில் வற்றத்தின்போது நிற்கிற நீர்மட்டத்தை வைத்துத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். கழிவுநீர்க்குழாய் போட்டவருக்கு நான் சரிவு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மீன்முள் முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வாய்க்கால் தூரும். காடு வேர்பிடிக்கும் வரை தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். திட்டம் முடிந்து பணம் நின்றதும் வாய்க்காலும் நின்றுபோன இடங்களைப் பார்த்திருக்கிறேன். கரையை நாலு இடத்தில் உடைத்துத் தண்ணீர் பரவலாகப் போய்வர விட முடிந்தால் அதுவே மேல். அதற்கு வண்டிப்பாதை யாருக்காவது இன்னும் தேவைப்படுகிறதா என்று தெரிய வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் சேற்றைக் கொஞ்சம் எடுத்து மூக்கருகில் வையுங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் கந்தகம் அதிகம். அத்தகைய சேற்றில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கலாம். வெட்டி வெளியே போட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிவிடும், மழையில் அது ஓடைக்கு வரும், மீன் சாகும். கைவிட்ட இறால் பண்ணைகளில் இதே தொல்லைதான். ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பொங்கி, பி.எச். 2.5க்குக் கீழே இறங்கினால் அங்கே ஆழமாகத் தோண்ட வேண்டாம்.

#22 உள்ளான்

தென்கிழக்கு மூலையை அப்படியே விட்டுவிடுவீர்களா? அறுபது வருடத்துக்கு முன்னாலும் வெளுப்பு என்றால் அது உள்ளான் இடம்.

#23 மட்டக்கோல்

விட்டுவிடலாம். வரைபடத்தில் தனியாகக் கோடு போட்டிருக்கிறேன்.

#24 நட்டவன்

எல்லாம் சரி. நிறுவனத்துக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? ஒரு லட்சம் நாற்று என்று பத்திரிகைக்குச் செய்தி போயிருக்கும்.

நான் சொல்வதைக் கேளுங்கள். நடவை முழுசாக நிறுத்தாதீர்கள், பணமும் நின்றுவிடும். முதல் வருடம் மதகும் வாய்க்காலும். ஊருக்கு அந்த வேலையிலேயே கூலி கொடுங்கள். மண்வெட்டி வேலைக்கும் கூலி கூலிதான். இரண்டாம் வருடம் தானாக என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, முளைக்காத திட்டில் மட்டும் வெண்கண்டல். நிறுவனத்தின் ஆட்கள் ஒரு நாள் வந்து நட வேண்டும் என்றால் வாய்க்கால் சரிவில் ஒரு வரிசை ஒதுக்கிக் கொடுங்கள். படமும் கிடைக்கும், செடியும் பிழைக்கும். மாடு மேய்ப்பவர்களிடம் நானே வந்து பேசுகிறேன், வெண்கண்டல் இலை மாட்டுக்கு உயிர்.

#25 கணக்கன்

நட்டவன் சொன்னதில் முதல் முறையாகக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

#26 பார்வையாளர்_7

கார்பன் கிரெடிட் மூலம் நிதி வராதா? கண்டல் காடு கார்பனை நிறையச் சேமிக்கும் என்கிறார்களே.

#27 உமரிக்காடு

சேமிக்கும். இந்தோ பசிபிக் பகுதிக் கண்டல் காடுகளை 2011இல் அளந்தவர்கள் சராசரியாக ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன் என்றார்கள், அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றில். அதாவது பல நூற்றாண்டுச் சேமிப்பு. நேற்று நட்ட செடிக்கு அந்த எண்ணைப் போட முடியாது. இருக்கிற காட்டை வெட்டாமல் காப்பதுதான் பெரிய லாபம். கென்யாவில் காஸி விரிகுடாவில் மிகோகோ பமோஜா என்று ஊர்க்காரர்களே நடத்தும் திட்டம் இருக்கிறது, சுமார் 117 ஹெக்டேர், கிரெடிட் பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. ஆனால் அளவெடுப்பு, சரிபார்ப்பு என்று அதற்குப் பிடிக்கிற உழைப்பை 40 ஏக்கர் தாங்காது.

#28 வலைக்காரன் மகன்

தண்ணீர் சரியானாலும் வேறு ஒன்று கெடுத்துவிடும் இடமும் உண்டு. ஜாவாவில் டெமாக் கடற்கரையில் நடந்ததைப் படித்தேன். குச்சிகளையும் சுள்ளிகளையும் கட்டித் தடுப்பு போட்டு வண்டலைப் பிடித்து, கண்டல் தானாக வரட்டும் என்று 2015 வாக்கில் தொடங்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பகுதியில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் இறங்குகிறது. வண்டல் சேர்கிற வேகத்தைவிட நிலம் இறங்குகிற வேகம் அதிகம். மட்டக்கோல் சார், உங்கள் ஓடைக்கு மேலே ஆழ்துளைக் கிணறுகள், இறால் பண்ணைக் கழிவுநீர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

#29 மட்டக்கோல்

ஆழ்துளை அதிகம் இல்லை. மேலே ஒரு இறால் பண்ணை இருக்கிறது, அறுவடையின்போது ஓடையில் திறந்துவிடுகிறார்கள். அதைத் தனியாக அளக்க வேண்டும்.

அமைப்போடு பேசிவிட்டேன். கையெழுத்துப் போடும் தாளில் "நடவுக்குச் சாத்தியம்" என்பதை அடித்துவிட்டு, "நீர்வழி திறந்து, வேர் ஆழத்தில் உப்பு 60க்குக் கீழே வந்த பிறகு" என்று எழுதினேன். படிவத்தில் மூன்று வரிசை கூடுதலாகச் சேர்க்கச் சம்மதித்தார்கள்: குழித்தண்ணீர் உப்பு, ஓத வளையத்தின் உயரம், மூன்றாம் வருடம் தானாக முளைத்த செடிகள். ஒரு லட்சம் என்ற எண்ணை இன்னும் விடவில்லை, அது "மூன்று ஆண்டுகளில், தானாக வந்தவை உட்பட" என்று மாறியிருக்கிறது. இப்போதைக்கு அது போதும்.

வாய்க்கால் வாயில் வலை கட்டக் கூடாது, கையால் தடவுகிறவர்களுக்குத் தடையில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதிக்கொண்டார்கள். வலை கட்டுகிற இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை, அதுதான் கவலை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் வனத்துறை ஒப்புதலும் வராமல் மண்வெட்டி எடுக்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று: வாய்க்கால் மண்ணை எங்கே போடுவது? கரையோரமே குவித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

#30 உமரிக்காடு

வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் தொடர்ச்சியாகக் குவித்தால் நீங்களே புதிதாக இரண்டு கரை கட்டியதாக ஆகும், தண்ணீர் வாய்க்காலுக்குள்ளேயே ஓடி வெளியே பரவாது. பெராக்சைடு சோதனை சரியாக வந்தால், நடுவில் தாழ்ந்த இடத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள், தரைமட்டமும் கொஞ்சம் ஏறும். ஒரு கை அகலத்துக்கு மேல் கனம் வேண்டாம். சரியாக வராவிட்டால் ஓத நீர் ஏறாத மேட்டுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு கலந்து போட வேண்டும், அந்தச் செலவை இப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

#31 வலைக்காரன் மகன்

அந்த இரண்டு வீட்டுக்காரர்களை நடவு நாளுக்கு அழைக்காதீர்கள். மதகு தோண்டுகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள், செங்கல்லை அவர்களே எடுக்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உங்கள் ஆட்டோ லெவலுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.